நம் மண்ணின் முகத்தில் ஆண்டவரைக் கண்ட ஓவியர் டேவிட் பெயின்டர்



உங்கள் வீட்டுச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். பண்டாரவளைக் கடைவீதி வீடானாலும் சரி, தோட்டத்து லயக்காம்பராவானாலும் சரி, அப்படம் இல்லாத கத்தோலிக்க வீடு அரிது. அப்படத்திலுள்ள ஆண்டவரின் திருமுகத்தைச் சற்று உற்று நோக்குங்கள். வெளிர் நிறம், தோளில் புரளும் பழுப்பு நிறக் கூந்தல், மெல்லிய தாடி. இம்முகம் நம் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இத்தாலிய ஓவியர் பொம்பேயோ பத்தோனி என்பவர் 1767இல் திரு இருதயத்தை ஒரு செப்புத் தகட்டில் தீட்டினார். உரோமையில் இயேசு சபையாரின் பேராலயத்தில் இன்றும் அது வணங்கப்படுகிறது. நம் வீடுகளிலுள்ள படங்களிற் பல அதன் வழி வந்தவையே. இத்தாலியர் தமக்குப் பழகிய முகச்சாயலில் ஆண்டவரைத் தீட்டினார். அதிற் குற்றமில்லை. ஆனால் எல்லா மக்களுக்காகவும் மனிதரானவரை நம் நாட்டு முகச்சாயலில், நம் நாட்டு மண்ணில் நிறுத்தித் தீட்டினால் என்ன? இவ்வாறு கேட்டு, அதற்குத் தம் கைகளாலேயே விடையும் தந்த ஒருவர் நமக்கு அடுத்த மலையில் வாழ்ந்தார். வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிப் போகும் பாதையை நீங்கள் அறிவீர்கள். அந்த நுவரெலியாவோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட டேவிட் பெயின்டரே அவர். பெயின்டர் என்பது தொழிலால் வந்த பட்டமன்று. தந்தை வழி வந்த குடும்பப் பெயர். பெயரும் தொழிலும் ஒன்றாய் அமைந்தது ஓர் இனிய பொருத்தம்.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். சீர்திருத்த சபை மிஷனரிக் குடும்பத்திற் பிறந்தவர். அவர் படங்கள் தீட்டிய ஆலயங்கள் அங்கிலிக்கன் சபையினருடையவை. ஆயினும் அவருடைய வாழ்க்கை, பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் ஒவ்வொரு கத்தோலிக்கக் குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

இரு இனத்தின் பிள்ளை

டேவிட் பெயின்டர் 1900ஆம் ஆண்டில், வட இந்தியாவில் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர், மிஷனரி. தாயார் இலங்கையின் சிங்களப் பெண்மணி, வீரசூரிய குடும்பத்தவர். ஆள்வோரும் ஆளப்படுவோரும் வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்த காலம் அது. வெள்ளையர் மன்றங்களில் மண்ணின் மக்களுக்கு இடமிருக்கவில்லை. அக்காலத்தில் இரு இனத்தவர் திருமணத்தால் இணைந்து, ஒரே மேசையில் உண்டு, ஒரே வேதாகமத்தை வாசித்த வீட்டில் இப்பிள்ளை வளர்ந்தார். மனித முகங்களிடையே உயர்வு தாழ்வு பாராட்டாத பார்வைக்கு அந்த வீடே முதற் பாடசாலையாயிற்று.

பிற்பாடு கண்டி திரித்துவக் கல்லூரியில் அவர் பயின்றார். அப்போது அங்கே அதிபராயிருந்தவர் ஏ. ஜி. பிரேசர் பாதிரியார். 1904 முதல் 1924 வரை இருபதாண்டுக் காலம் அவர் கல்லூரியை நடத்தினார். இலங்கைப் பிள்ளைகள் ஆங்கிலேயரின் நகல்களாக வெளிவரக் கூடாது, சொந்த மொழியையும் நாட்டின் வரலாற்றையும் அறிந்தவர்களாக வெளிவர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆங்கிலமே எல்லாம் என்றிருந்த காலத்தில் தாய்மொழிக்கு வகுப்பறையில் இடந் தந்தவர் அவர். அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த மாணவரின் கையில் தூரிகை ஏறியபோது, அது எந்தத் திசையில் ஓடும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

இலண்டனில் கற்ற பாடம்

இளைஞர் பெயின்டருக்கு இலண்டன் ரோயல் அக்கடமியின் கலைப் பாடசாலையில் ஐந்தாண்டு பயிலும் புலமைப்பரிசில் கிடைத்தது. 1768இல் நிறுவப்பட்ட அக்கடமி அது. ஓவியக் கல்வி என்றதும் ஒரு பிள்ளை மனம் போனபடி வண்ணத்தை அள்ளிப் பூசுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை வேறு. அங்கே அக்காலத்தில் பயிற்சி எப்படி நடந்தது என்பதைக் கேளுங்கள்.

புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு உடனே வண்ணம் தரமாட்டார்கள். பண்டைய கிரேக்க, உரோமைச் சிற்பங்களின் சுண்ணச் சாந்து வார்ப்புகள் அறையில் நிற்கும். அவற்றின் முன் அமர்ந்து, கரித்துண்டாலும் பென்சிலாலும் வரைய வேண்டும். ஒரே சிலையை நாட்கணக்காக வரைய வேண்டும். தலையின் உயரம் உடலில் எத்தனை பங்கு, தோள் எங்கே சரிகிறது, ஒளி எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொன்றையும் அளந்து அளந்து வரைய வேண்டும். அதிற் தேறிய பின்னரே உயிருள்ள மனிதரைப் பார்த்து வரையும் வகுப்பு. உடலின் எலும்பு எது, தசை எது, கையை உயர்த்தினால் முதுகில் எது அசைகிறது என்னும் உடற்கூற்று அறிவும் அதனோடு சேரும். எண்ணெய் வண்ணம் தீட்டுவது அதற்கும் பிந்திய பாடம்.

மலைநாட்டு வாசகர்களாகிய உங்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். புதிதாகக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணுக்கு முதல் நாள் மலையெல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். பழகிய பெண்ணின் கண்ணோ, எது பறிக்கும் பருவத்துக் கொழுந்து, எது முற்றிய இலை என்று நொடியிற் பிரித்தறியும். அவர் விரல் கண்ணைத் தொடர்ந்தே ஓடுகிறது. சித்திரக் கல்வியும் அத்தகையதே. கைக்குப் பயிற்சி கொடுப்பது போலத் தோன்றினாலும், முதலிற் பழக்கப்படுவது கண். எதிரே உள்ளதை, நாம் நினைத்துக்கொண்டபடி அல்லாமல், உள்ளது உள்ளபடி காணக் கற்பதே சித்திரக் கல்வியின் அடிப்படை.

ஐந்தாண்டுப் பயிற்சியில் பெயின்டர் முன்னணிக்கு வந்தார். அக்கடமியின் தங்கப் பதக்கத்தை வென்றார். அதனோடு எட்வர்ட் ஸ்டொட் பெயரிலான பயணப் புலமைப்பரிசிலும் கிடைத்து, இத்தாலிக்குச் சென்று கற்கும் பாக்கியம் பெற்றார்.

இத்தாலியின் சுவர்கள்

இத்தாலியில் ஓவியம் கற்கப் போகிறவர், சட்டத்துக்குள் அடங்கிய படங்களை மட்டும் காண்பதில்லை. அங்கே ஆலயச் சுவர்களே ஓவியங்கள். பதுவை நகரின் சிற்றாலயத்தில் ஜொத்தோ என்பவர் 1305 அளவில் ஆண்டவரின் வாழ்க்கையையும் தேவதாயின் வாழ்க்கையையும் சுவர் முழுவதும் தீட்டி வைத்தார். எழுத்தறியாத ஏழை விவசாயியும் உள்ளே வந்து, நிமிர்ந்து பார்த்து, நற்செய்தியை வாசித்துச் சென்றான்.

இத்தாலியச் சுவரோவியங்கள் பல உருவான முறை வியப்புக்குரியது. முதலில் சிறு தாளில் படத்தை வரைவார்கள். அதன் மேல் கட்டம் கட்டி, அதே கட்டங்களைப் பெரிதாக்கிச் சுவரளவான தாளுக்கு மாற்றுவார்கள். பிறகு ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் சுவரில் ஈரச் சுண்ணம் பூசி, கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்ட தாளை அதன் மேல் ஒற்றி, கரித்தூள் முடிச்சால் தட்டுவார்கள். தாளை எடுத்தால் சுவரில் புள்ளிகள் வரிசையாக நிற்கும். அதிகாலையில் வாசலில் புள்ளி வைத்து அதைச் சுற்றிக் கோடு இழுக்கும் நம் தாய்மாருக்கு இந்த வித்தை புதிதாகத் தோன்றாது! இவ்வாறு கோடு விழுந்த பின், சுண்ணம் காயுமுன் வண்ணமிடுவார்கள். சுண்ணம் காயும்போது வண்ணம் சுவரோடு ஒன்றிவிடும். பல நூறு ஆண்டுகள் நிலைக்கும்.

இத்தாலிய ஓவியர்கள் பெத்லெகேமைத் தம் ஊர்க் குன்றுகளிடையே வைத்தார்கள். திருத்தூதர்களுக்குத் தம் ஊர் மக்களின் முகத்தைக் கொடுத்தார்கள். இவர்கள் தம் ஊரில் செய்ததை இலங்கையர் ஏன் தம் ஊரில் செய்யக் கூடாது? இவ்வெண்ணத்துக்கு உருவம் கொடுக்கும் வாய்ப்பு, அவர் படித்த கல்லூரியிலேயே காத்திருந்தது.

பயிற்சி முடிந்த அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. அக்கடமியின் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றிருந்தன. இலண்டனில் தங்கியிருந்தால் பெயரும் பொருளும் சேர்ந்திருக்கும். அவர் இலங்கைக்குத் திரும்பி வந்தார்.

நான்கு சுவர்கள், ஒரே செய்தி

கண்டி திரித்துவக் கல்லூரியில் அப்போது ஒரு புதிய சிற்றாலயம் எழும்பிக்கொண்டிருந்தது. கல்லூரியின் உப அதிபராயிருந்த கேஸ்டர் பாதிரியார் அதற்கு வடிவம் தந்தார். ஐரோப்பியக் கோபுரமும் கூரிய வளைவும் வேண்டாம், கண்டி அரசர் காலத்துக் கட்டடக் கலையே வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. செதுக்கிய கருங்கற்றூண்கள், கண்டியக் கூரை, காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் திறந்த பக்கங்கள் என அமைந்த அவ்வாலயம் 1935இல் அபிஷேகம் பெற்றது. அதன் சுவர்களில் ஓவியம் தீட்டும் பணி டேவிட் பெயின்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே அவர் தீட்டிய பெரும் சுவரோவியங்கள் நான்கு.

முதலாவது, செபதேயுவின் மனைவி தம் மக்கள் யாகப்பர், அருளப்பர் இருவரையும் அழைத்துக்கொண்டு ஆண்டவரிடம் வந்த நிகழ்ச்சி. ஒருவன் வலப்பக்கமும் மற்றவன் இடப்பக்கமும் அமர வேண்டும் என்று அத்தாய் கேட்டார். ஆண்டவரோ, தாம் பருகப் போகும் துன்பக் கிண்ணத்தைப் பருக உங்களால் முடியுமா என்று அம்மக்களைத் திருப்பிக் கேட்டார். இரண்டாவது, பெரிய வியாழன் இரவில் ஆண்டவர் தம் சீடரின் பாதங்களைக் கழுவிய காட்சி. மூன்றாவது, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியெடுத்த நல்ல சமாரியன். நான்காவது, ஆண்டவர் சிலுவையில் தொங்கும் காட்சி.

வாசகர்களே, இந்நான்கையும் சேர்த்துப் பாருங்கள். அந்நாளில் அக்கல்லூரியில் படித்தவர்கள் யார்? உயர்ந்த உத்தியோகங்களை எதிர்பார்த்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கே படித்தார்கள். என் மகனுக்கு நல்ல நாற்காலி ஒன்று வேண்டும் என்று நினைக்காத தாய் அவர்களுள் யார்? அப்பிள்ளைகள் நாள்தோறும் மன்றாடும் இடத்தில், நாற்காலி கேட்டு வந்த தாயையே ஓவியர் நிறுத்தினார். அவர் கேட்டதற்கு விடையாக மற்ற மூன்று சுவர்களும் அமைந்தன. பிறர் காலைக் கழுவு. வழியில் கிடப்பவனைத் தூக்கு. வேண்டுமானால் உயிரையும் கொடு. நான்கு சுவர்களும் சேர்ந்து, தொண்டு என்னும் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

இக்காட்சிகள் பாலஸ்தீன நாட்டில் நிகழ்வதாக அவர் தீட்டவில்லை. மனிதரின் முகமும் நிறமும் நம் நாட்டினுடையவை. மரமும் செடியும் நம் நாட்டினுடையவை. சிலுவைக் காட்சிக்குப் பின்னணி, நம் கடலோரக் களப்புகளில் வளரும் கண்டற்காடு. கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றுக்கு மேலே முறுக்கி எழுந்து, ஒன்றையொன்று பின்னிக் கிடப்பதை மட்டக்களப்புப் பக்கமோ சிலாபம் பக்கமோ போனவர்கள் பார்த்திருப்பீர்கள். எருசலேமுக்கு வெளியே இருந்த கபாலக் குன்று எங்கோ தொலைவில் உள்ளது. இந்தச் சேற்று நிலமோ நமக்குத் தெரிந்த நிலம். ஆண்டவர் அங்கே தொங்கும்போது, அவர் பாடுகளை வேற்று நாட்டுக் கதையாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது.

தாடியில்லாத ஆண்டவர்

பெயின்டர் தீட்டிய சிலுவைநாதருக்குத் தாடி இல்லை. கருமையான மேனியுடைய இளைஞராகவே அவரைத் தீட்டினார். பல ஆண்டுகளுக்குப் பின் கல்கிசை புனித தோமையார் கல்லூரியின் சிற்றாலயத்தில், ஆண்டவர் மலைமேல் உருமாறிய திருக்காட்சியைப் பெரிய சுவரோவியமாகத் தீட்டியபோதும் அவ்வாறே செய்தார். 1968இல் நிறைவுற்ற அவ்வோவியத்திலும் ஆண்டவர் தாடியில்லாதவரே.

கண்டவர்களிற் சிலர் திகைத்தார்கள். பழகிய முகம் மாறினால் பக்தி மனம் சற்றுத் தடுமாறுவது இயல்பு. உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். ஆனால் ஓர் உண்மையை நினைவிற் கொள்ளுங்கள். நற்செய்தி நூல்கள் நான்கில் எதிலும் ஆண்டவரின் முகத் தோற்றம் வருணிக்கப்படவில்லை. உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் வரைந்த நல்ல ஆயனைப் பாருங்கள். தோளில் ஆட்டைச் சுமந்து நிற்கும் தாடியற்ற இளைஞராகவே ஆண்டவரை அவர்கள் வரைந்தார்கள். ஆகவே பெயின்டர் செய்தது புதுமைக்காகச் செய்த புதுமையன்று. திருச்சபையின் மிகப் பழைய வழக்கத்தோடு பொருந்துவதே.

கோவா நாட்டின் கத்தோலிக்க ஓவியர் அஞ்சலோ த பொன்சேக்காவின் வாழ்வையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1902இல் பிறந்த அவர், வங்காளத்தின் சாந்திநிகேதனில் ஓவியம் பயின்று, தேவதாய்க்குச் சேலை உடுத்தி இந்தியப் பெண்ணாகத் தீட்டினார். சொந்த ஊரிலே எதிர்ப்பைச் சந்தித்தார். புனே நகருக்குப் போய் வாழ்ந்து, 1967இல் மறைந்தார். இவர்கள் இருவரும் உழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சட்டமைப்பை வெளியிட்டது. எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை; எல்லா மக்களினங்களின் கலைக்கும் அதில் இடமுண்டு என்பது அதன் போதனை. நம் பதுளை மறைமாவட்டம் 1972இல் உருவானபோது, முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகை பண்டாரவளையில் சேவக்க செவன என்னும் குருமடத்தை நிறுவியதும் இதே மனப்பான்மையோடுதான். குருவாகப் போகும் இளைஞன் இந்த மண்ணின் மக்களோடு வாழ்ந்து, அவர்களின் பண்பாட்டில் நின்று நற்செய்தியைக் கற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஓவியர் சுவரில் செய்ததை ஆயர் குருமடத்தில் செய்யத் துணிந்தார் எனலாம்.

பிள்ளைகளின் இல்லம்

டேவிட் பெயின்டரின் வாழ்வில் தூரிகையோடு இணைந்து நின்ற இன்னொரு பணி உண்டு. மலைநாட்டு மக்களாகிய நமக்கு அது மிக நெருங்கியது.

அவருடைய குடும்பத்தார் நுவரெலியாவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லமொன்றை நடத்தி வந்தனர். அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளிற் பலர் எப்படிப்பட்டவர்கள் என்பதை நீங்கள் அறிய வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை ஆண்ட காலத்தில், பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையே பிறந்த பிள்ளைகள் உண்டு. தந்தை துரை, தாய் தோட்டத்துப் பெண். துரை சீமைக்குத் திரும்பிவிடுவார். அல்லது வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விடுவார். தாயும் பிள்ளையும் எஞ்சுவார்கள். நிறத்தைக் கண்டு லயத்தில் ஏளனம்; பிறப்பைக் காட்டிப் பங்களாவில் கதவடைப்பு. எந்தப் பதிவேட்டிலும் தந்தையின் பெயர் ஒழுங்காக எழுதப்படாத பிள்ளைகள் அவர்கள். நம் முன்னோர் இதைத் தாழ்ந்த குரலிலே பேசிக்கொண்டார்கள். பேசாமல் விட்டவர்களே அதிகம்.

பெயின்டர் குடும்பம் அப்பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. உணவும் உடையும் கல்வியும் கொடுத்தது. டேவிட் பெயின்டரும் அந்த இல்லத்தின் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். இரண்டு இனங்களின் பிள்ளையாகப் பிறந்து, பெற்றோர் இருவரின் அன்பையும் நிறைவாகப் பெற்றவர், இரண்டு இனங்களின் பிள்ளைகளாகப் பிறந்து எவரன்பையும் பெறாதவர்களுக்காக உழைத்தார். இலண்டனில் தங்கப் பதக்கம் பெற்ற கைகள் நுவரெலியாவின் குளிரில் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்தன.

இப்போது கண்டிச் சிற்றாலயத்தின் நல்ல சமாரியனை மீண்டும் நினைத்துப் பாருங்கள். குருவும் லேவியனும் விலகிப் போன வழியில் அடிபட்டுக் கிடந்தவன் யார் என்பதை அந்த ஓவியர் நூலில் மட்டும் படித்து அறியவில்லை. தம் வீட்டு மேசையில் நாள்தோறும் அவர்களைக் கண்டார். உள்ளதை உள்ளபடி காண இலண்டனில் பழகிய கண், பிறர் காண விரும்பாத பிள்ளைகளையும் கண்டது. அவர் கற்ற கலையும் அவர் செய்த தொண்டும் இரண்டு வேறு வேலைகள் என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே கண்தான் வேண்டியிருந்தது.

ஆசிரியரும் மாணவரும்

பெயின்டர் ஆசிரியராகவும் உழைத்தார். கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியின் சித்திரப் பகுதியிலும், அதிலிருந்து தனி நிறுவனமாக வளர்ந்த அரசினர் நுண்கலைக் கல்லூரியிலும் கற்பித்து, அக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். உருவப்படம் தீட்டுவதிலும் அவர் பெயர் பெற்றவர். பிரித்தானிய அரசு அவருக்கு ஓ.பி.ஈ. விருதளித்தது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகர அரும்பொருளகத்தில் அவருடைய ஓவியமொன்று இடம்பெற்றுள்ளது.

1975 ஜூன் மாதத்தில் அவர் காலமானார். அதே ஆண்டிற்றான் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைத் துரைமாரின் காலம் முற்றாக முடிவுக்கு வந்தது.

அவர் கற்பித்த கல்லூரியோ மேலும் வளர்ந்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கை நிறுவனமாகி, 2005இல் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒரு காலத்தில் கடல் கடந்து போய்க் கற்க வேண்டியிருந்த சித்திரத்தையும் ஓவியத்தையும் அச்சோவியத்தையும் இன்று இலங்கையிலேயே பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகக் கற்கலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நுண்கலைத் துறை உண்டு. உயர்தர வகுப்பில் சித்திரமும் ஒரு பாடமே.

அச்சோவியம் என்ற சொல் சிலருக்குப் புதிதாயிருக்கலாம். மரப்பலகையிலோ செப்புத் தகட்டிலோ கல்லிலோ படத்தைச் செதுக்கி அல்லது வரைந்து, மை பூசி, தாளில் ஒற்றியெடுக்கும் கலை அது. ஒரு மூலத்திலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். அரசர் மாளிகைக்கு மட்டும் உரிய ஓவியம் ஏழையின் வீட்டுக்கு வந்தது இக்கலையால்தான். உங்கள் வீட்டுத் திரு இருதயப் படமும் அவ்வழியே வந்தது. 1894இல் இரவிவர்மா பம்பாய்ப் பக்கத்தில் நிறுவிய அச்சகத்திலிருந்து புறப்பட்டு, அயல் வீட்டு இந்துச் சகோதரரின் சுவருக்கு வந்த லட்சுமி, சரசுவதி படங்களும் அவ்வழியே வந்தவைதாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

உங்கள் பிள்ளை கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் வரைகிறதா? பேரட்டுக் களத்தில் நிற்கும் கங்காணியையும், கூடையோடு மலையேறும் அம்மாவையும், எல்ல மலைத்தொடரையும் கரித்துண்டால் சுவரிற் கிறுக்குகிறதா? உடனே கையை ஓங்காதீர்கள். படம் சோறு போடுமா என்று கேட்டு அடக்கிவிடாதீர்கள். அக்கேள்வி நியாயமானதே, தோட்டத்துச் சம்பளத்தில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டில் அது எழாமற் போகாது. பட்டம் பெற்றவர் எல்லாருக்கும் உடனே வேலை கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பாடசாலையில் சித்திர ஆசிரியர் பதவி உண்டு. அச்சகத்திலும் பத்திரிகையிலும் துணி வடிவமைப்பிலும் விளம்பரத்திலும் இக்கல்விக்கு வேலை உண்டு. கடும் உழைப்பும் ஒழுங்கும் வேண்டும் கல்வி இது என்பதையும் பிள்ளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். நாளுக்கு ஒரு படமாவது நேரிற் பார்த்து வரையச் சொல்லுங்கள். பாடசாலையில் சித்திர ஆசிரியர் இருந்தால் அவரிடம் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

செபதேயுவின் மனைவியைப் போல் நாமும் நம் பிள்ளைகளுக்கு உயர்ந்த நாற்காலியையே கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை, அந்தத் தாயை ஆண்டவர் கடிந்து விரட்டவில்லை. ஆனால் நாற்காலி எதற்காக என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. டேவிட் பெயின்டருக்கு இறைவன் கூர்ந்த கண்ணைக் கொடுத்தார். அவர் அதைக் கொண்டு, ஒரு சுவரில் ஆண்டவரின் முகத்தை நம் நாட்டு முகமாகத் தீட்டினார். ஒரு வீட்டில் நம் மலைநாட்டின் கைவிடப்பட்ட பிள்ளைகளின் முகத்தில் ஆண்டவரைக் கண்டார்.

கண்டிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கல்லூரியில் முன்கூட்டியே அனுமதி கேட்டு அச்சிற்றாலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிலுவையில் தொங்கும் அந்தக் கருமை நிற இளைஞரின் முன் அவர்கள் சற்று நேரம் மௌனமாக நிற்கட்டும். நம் ஊவா மலைகளையும் நம் மக்களின் முகங்களையும் நற்செய்தியோடு சேர்த்துத் தீட்டப் போகும் கை, இன்று ஏதோ ஒரு தோட்டப் பாடசாலையில் பென்சில் பிடித்துக்கொண்டிருக்கலாம். அது உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.